200 பீஸில் தெரியாத தரம்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி ஆர்டரின் கடைசிச் சோதனையை ‘ஃபைனல்’ என்கிறார்கள். 10,000 டி-ஷர்ட்டும் அட்டைப்பெட்டிகளில் அடைபட்டு, டேப் ஒட்டி, வரிசையாக அடுக்கியிருக்கும். பையர், அதாவது சரக்கை வாங்கும் நிறுவனம், சார்பில் வரும் இன்ஸ்பெக்டர், எந்தெந்தப் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்று தானே எண் சொல்வார். அவற்றிலிருந்து 200 பீஸ் எடுத்து, நல்ல வெளிச்சத்தில் மேசைமேல் ஒவ்வொன்றாக விரிப்பார். தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை உண்டா, கழுத்துப் பட்டி நெளிந்திருக்கிறதா, மார்பளவு சரியா என்று பார்ப்பார். பெரிய குறையுள்ளவை 10 வரை இருந்தால் பாஸ். 11 ஆகிவிட்டால் ஃபெயில். மொத்தச் சரக்கையும் பிரித்து, மறுபடி செக்கிங் போட்டு, மறுபடி அடைக்க வேண்டும்.

கப்பல் தேதி நெருங்கியிருக்கும் நேரத்தில் இது நடப்பதால், முதலாளி முதல் பேக்கிங் ஆள் வரை அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது. பாஸ் என்று தாளில் கையெழுத்து விழுந்ததும் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். ‘குவாலிட்டி ஓகே ஆயிருச்சு’ என்று போன்கள் பறக்கின்றன.

உண்மையில் அந்தக் கையெழுத்து எவ்வளவு சொல்கிறது? 10,000 பீஸில் 500 குறையுள்ளவை, அதாவது நூற்றுக்கு 5 என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட சரக்கு இந்த 200 பீஸ் சோதனையில் தேறிவிடும் வாய்ப்பைக் கணக்கிட்டால் 58 சதவீதம் வருகிறது. பாதிக்கும் மேல். குறை நூற்றுக்கு 3 என்றால் தேறும் வாய்ப்பு 95 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. இதில் இன்ஸ்பெக்டரின் கவனக்குறைவு எதுவும் இல்லை. அவர் ஒரு பீஸைக்கூடத் தவறவிடாமல் பார்த்தாலும் கணக்கு இதுதான்.

இன்னொன்றையும் இந்தக் கணக்கிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஒரு கம்பெனி மார்ச் மாதம் அனுப்பிய சரக்கில் குறை நூற்றுக்கு 1. செப்டம்பரில் அதே ஆர்டர் திரும்ப வந்தபோது நூற்றுக்கு 3. இரண்டும் ‘பாஸ்’ ஆகிவிடும். கம்பெனியின் ஃபைலில் இரண்டு தாளும் ஒரே மாதிரி இருக்கும். கடையில் வாங்கியவருக்கும், திரும்பி வந்த துணியை எண்ணும் பையருக்கும் மட்டும் இரண்டும் ஒன்றல்ல. வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது ஒருமுறை நன்றாகச் செய்து காட்டுவதை அல்ல; ஒவ்வொரு முறையும் அதேபோலச் செய்வதை. இந்தச் சோதனை அதை அளப்பதே இல்லை.

அளப்பதற்காக இது உருவாகவும் இல்லை. ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர அளவு) என்று திருப்பூர் முழுக்கப் புழங்கும் இந்த அட்டவணையின் வேர் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் இருக்கிறது. ஹெரால்ட் டாட்ஜ், ஹாரி ரோமிக் என்ற இருவர் அங்கே மாதிரிச் சோதனைக்குக் கணக்கு வகுத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மலைபோல வந்து குவிந்த தளவாடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க அமெரிக்க ராணுவத்துக்கு வழியில்லாததால், அந்த முறை அங்கே பரவியது. 1950இல் அது ராணுவத் தரநிலையாக அச்சானது, இன்று ஐ.எஸ்.ஓ. 2859 என்ற பெயரில் உலகம் முழுக்க இருக்கிறது. வாங்குபவர் ஒரு சரக்கை எடுப்பதா, திருப்புவதா என்று முடிவு செய்வதற்கான கருவி அது. செய்பவரின் தரத்தை வளர்ப்பதற்கான கருவி அல்ல. திருப்பூரில் பல கம்பெனிகள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கின்றன. தரத்துக்காகச் செலவிடும் பணத்தையும் ஆட்களையும் கடைசி மேசையைச் சுற்றியே குவிக்கின்றன.

குறை பிறக்கும் இடம் அந்த மேசையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, பல வாரங்களுக்கு முன்னால் இருக்கிறது.

நூலிலிருந்தே தொடங்கலாம். ஸ்பின்னிங் மில்லிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியிலும் லாட் எண் இருக்கும். ஒரு லாட்டின் பஞ்சும் அடுத்த லாட்டின் பஞ்சும் முதிர்ச்சியில் கொஞ்சம் வேறுபடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். நிட்டிங் மெஷினில் ராத்திரி ஷிப்டில் நான்கு கோன் தீர்ந்துபோகிறது. பக்கத்தில் இருக்கும் வேறு லாட் கோனை எடுத்துச் சொருகிவிடுகிறார்கள். துணி ரோலாகி இறங்கும்போது எதுவும் தெரியாது. சாயம் ஏறியதும் அந்த நான்கு கோன் ஓடிய இடமெல்லாம் மங்கலான பட்டை பட்டையாகத் தெரியும். இரண்டு பஞ்சும் சாயத்தை ஒரே அளவில் குடிக்கவில்லை. நேவி, சாம்பல் போன்ற நிறங்களில் இதை மறைக்க வழியே இல்லை. யாரோ ஒருவர் பெட்டியைப் புரட்டி லாட் எண்ணைப் பார்த்திருந்தால் வந்திருக்காத குறை அது.

அடுத்தது காம்பாக்டிங். சாயம் ஏறி உலர்ந்த துணியைச் சுருக்கம் கட்டி, சொன்ன அகலத்துக்கும் எடைக்கும் கொண்டுவரும் வேலை. துணியின் எடையைப் பார்க்க ஒரு வட்டக் கட்டர் வைத்திருப்பார்கள். அதைத் துணிமேல் அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டுப்பட்டு வரும். தராசில் அது 1.80 கிராம் காட்டினால் துணி 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். துணியை அகலத்தில் கொஞ்சம் இழுத்துவிட்டால் 1.70 ஆகும், கிலோவுக்கு வெட்டக்கூடிய பீஸும் கூடும். ரேட் மிகவும் இறங்கிப்போன ஆர்டரில் இந்த இழுப்பு யாருடைய கையெழுத்தும் இல்லாமல் நடந்துவிடுகிறது. இழுத்த துணி முதல் துவையலில் பழைய அகலத்துக்குத் திரும்பும். அன்றைக்கு மார்பளவும் அதோடு போகும்.

டி-ஷர்ட் அணிகிற எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறை உண்டு. நான்கைந்து துவையலுக்குப் பிறகு பக்கவாட்டுத் தையல் மெல்லத் திரும்பி வயிற்றுப் பக்கம் வந்துவிடும். கடையில் மடிப்பு பிரித்துப் பார்த்தபோது அது நேராகத்தான் இருந்தது. நூலின் முறுக்கில் அடைபட்டிருந்த விசை தண்ணீரில் நனைந்ததும் தளர்ந்து, துணியையே ஒரு பக்கம் சாய்க்கிறது. டி-ஷர்ட்டுக்கான சிங்கிள் ஜெர்ஸி துணியில் இதை முழுக்க ஒழிக்க முடியாது; அடக்கிவைக்க முடியும். முறுக்கு குறைந்த நூல் எடுக்கலாம், மெஷினில் எத்தனை ஃபீடரில் நூல் ஓடவேண்டும் என்று யோசித்து முடிவு செய்யலாம், ஃபினிஷிங்கில் துணியைச் சரியாக நிறுத்தலாம். வெட்டுவதற்கு முன் ரோலைப் பிரித்துப் போட்டு ஒரு முழு நாளாவது ஓய விடலாம். இந்தக் கடைசி விஷயத்துக்கு மெஷின் வேண்டாம், பணமும் பெரிதாக வேண்டாம். வேண்டியது 24 மணி நேரம். டெலிவரி தேதி நெருக்கும்போது முதலில் காவு போவது அந்த 24 மணி நேரம்தான். ஓயாத துணியை வெட்டித் தைத்தால் ஃபைனலில் அளவெல்லாம் சரியாகவே நிற்கும். இன்ஸ்பெக்டர் அந்த மேசையில் 200 பீஸையும் துவைத்துப் பார்ப்பதில்லை.

இந்த வேலைகள் ஒரே கூரையின் கீழ் நடந்தால் பிடித்து நிறுத்துவது எளிது. கோடிக் கணக்கில் முதலீடு செய்த சில பெரிய கம்பெனிகளில் அப்படி நடக்கிறது. மற்றவர்களுக்கு நிட்டிங் ஒரு கம்பெனி, சாயம் ஒரு கம்பெனி, காம்பாக்டிங் ஒன்று, பிரிண்டிங் ஒன்று, எம்பிராய்டரி ஒன்று. தையலும் பாதி வெளியே ஜாப் ஒர்க் போகும். துணி வேனில் ஏறி ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்த அமைப்பைக் குறை சொல்வது நியாயம் அல்ல. திருப்பூரை எழுப்பியதே இதுதான். பனியனும் ஜட்டியும் தைத்து உள்நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஊருக்கு, 1978இல் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார். அதன்பின் ஐரோப்பாவின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. நாலு மெஷின் வைத்திருந்தவரும் ஏற்றுமதிச் சங்கிலியில் ஒரு கண்ணியாக நுழைய முடிந்தது ஜாப் ஒர்க் இருந்ததால்தான். தையல் கற்றுக்கொண்ட தொழிலாளி பத்து வருடத்தில் சிறு முதலாளி ஆன கதை இந்த ஊரில் தெருவுக்கு ஒன்று உண்டு. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இங்கிருந்து போகிறது. 2024-25இல் அதன் மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்.

ஆனால் அந்தக் கண்ணிகளை ஏற்றுமதியாளர்கள் நடத்தும் முறையில் பெரிய கோளாறு இருக்கிறது. நிட்டிங் ஒப்பந்தக்காரருக்கும் காம்பாக்டிங் பட்டறைக்கும் போய்ச் சேருவது பெரும்பாலும் ஒரு டெலிவரி சலானும் இரண்டு வரிக் குறிப்பும்தான். பையர் கொடுத்த முழு விவரத் தாள், எவ்வளவு சுருக்கம் வரை ஏற்பார், தையல் எவ்வளவு திரும்பலாம், எந்த விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார் என்பதெல்லாம் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் கம்ப்யூட்டரோடு நின்றுவிடுகிறது. கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துச் சொன்னவருக்கு வேலை மாறிவிடுகிறது. போன ஆர்டரில் மூன்று தடவை தவறு செய்து, கற்று, சரிசெய்துகொண்டவர் இந்த ஆர்டரில் இல்லை. புதியவர் அதே தவறுகளை முதலிலிருந்து செய்யத் தொடங்குகிறார்.

பணம் போய்ச் சேரும் வேகம் இன்னும் மோசம். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தரவேண்டும். சட்டம் காகிதத்தோடு இருந்ததால், 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் 43பி(எச்) என்ற பிரிவைச் சேர்த்தது: கெடுவுக்குள் தராத தொகையை, தந்து முடிக்கும்வரை செலவாகக் கழிக்க முடியாது. 2024 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தபோது, ஆர்டர்கள் பெரிய கம்பெனிகளுக்குப் போய்விடும் என்று சிறு நிறுவனங்கள் மத்தியிலேயே எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. இருந்தாலும் இந்தப் பிரிவு தேவையான ஒன்று. பில் தொகைக்கு மாதக் கணக்கில் நடக்கும் பட்டறைக்காரர் மெஷினை எப்படிச் சர்வீஸ் செய்வார்? தேய்ந்த ஊசியையும் சிங்க்கரையும் எந்தக் காசில் மாற்றுவார்? நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி தேய்ந்தால் துணி நெடுக ஒரு கோடு விழுகிறது. தரக் குறை என்று ஃபைனலில் எழுதப்படும் பலவற்றின் தொடக்கம் இப்படித் தள்ளிப்போடப்பட்ட ஒரு பில்லில் இருக்கிறது.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயங்கள் அல்ல. 1950இல் ஜப்பான் போய்ப் பாடம் நடத்திய அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியவற்றில் இரண்டு இந்த ஊருக்கென்றே சொன்னதுபோல இருக்கின்றன. மொத்தமாகச் சோதித்துத் தரத்தைக் கொண்டுவந்துவிடலாம் என்று நம்புவதை நிறுத்துங்கள். விலை ஒன்றை மட்டும் பார்த்து வேலை கொடுப்பதை நிறுத்துங்கள். அவர் பெயரிலான ஜப்பானியப் பரிசை 1998இல் வாங்கியது சென்னை பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல்முறை. 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002இல் டி.வி.எஸ். மோட்டார் என்று வரிசை நீண்டது. பிரேக்கும் பனியனும் ஒன்றல்ல. பிரேக் மாடல் வருடக் கணக்கில் மாறாது. டி-ஷர்ட் சீசனுக்குச் சீசன் மாறும். ஆனால் நிட்டிங், காம்பாக்டிங், வெட்டுதல், தைத்தல் என்ற வேலைகள் மாறுவதில்லை. மாறாத அந்த வேலைகளை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்ய வைப்பதுதான் கேள்வி.

திருப்பூரிலேயே அதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் உடனே வேலை நிற்க வேண்டும். உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்தி முழு ஊசியாகிறதா என்று பார்த்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் எண்ணும் எழுதிய பிறகுதான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால், அந்த இடத்தில் இருந்த பீஸ்களெல்லாம் தனியே ஒதுக்கப்பட்டு மெட்டல் டிடெக்டருக்குப் போகும். குழந்தைகள் ஆடையில் ஊசி முனை ஒன்று போய்விட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் புரிவதால், பள்ளிப் படிப்பு முடிக்காத தொழிலாளிகூட இந்த ஒழுங்கைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார். குறை பிறக்கும் இடத்திலேயே, பிறந்த நிமிடத்திலேயே, அதைச் செய்தவர் கையாலேயே பிடிக்கும் முறை இது. லாட் எண்ணுக்கும், துணி ஓயும் நேரத்துக்கும், வட்டக் கட்டரின் எடைக்கும் இதேபோல ஒரு பதிவேடு வைக்க எந்தத் தடையும் இல்லை.

கட்டாயம் வந்தால் இந்த ஊர் எவ்வளவு தூரம் மாறும் என்பதற்கும் சான்று உண்டு. நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத சுத்திகரிப்புக்கு மாறினால்தான் திறக்க முடியும் என்ற நிலை வந்தது. பட்டறைகள் கடனில் மூழ்கின, பல மூடியே போயின; அந்த வலியைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மாறியவர்களுக்கு எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. சாயம் ஏறுவது தண்ணீரின் கடினத்தன்மையைப் பொறுத்தது. முன்பு வெவ்வேறு கிணறுகளிலிருந்து லாரியில் வந்த தண்ணீர் லோடுக்கு லோடு மாறும். ஆர்.ஓ. சுத்திகரிப்பில் பிரிந்து மறுபடி தொட்டிக்குத் திரும்பும் தண்ணீர் அப்படி மாறுவதில்லை. ஒரே ஷேடை மறுபடி மறுபடி பிடிப்பதற்கு அது பெரிய துணை.

பையர்களும் இதில் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. சாய மாதிரியான லேப் டிப்பைக் குரியரில் அனுப்பிவிட்டு ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் நாட்கள் ஏற்றுமதியாளரின் கணக்கில்தான் கழிகின்றன. நிறம் ஓகே சொல்ல ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் அலுவலகம், கப்பல் தேதியை ஒரு நாளும் தள்ளிப்போடுவதில்லை. 2023 கடைசியில் செங்கடல் வழி ஆபத்தானபோது கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் ஒன்றிரண்டு வாரம் நீண்டது. அந்த வாரங்களும் உற்பத்தி நேரத்திலிருந்தே பிய்த்து எடுக்கப்பட்டன. தாமதமானால் விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். ஒரு தடவை அப்படி அனுப்பினால் அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் போய்விடும். துணி ஓய வேண்டிய 24 மணி நேரம் எங்கே போனது என்று கேட்கும் பையர், முதலில் தன் ஒப்புதல் தேதிகளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, தைக்கும் கைகள். இங்கே பலருக்குச் சம்பளம் ஷிப்ட் கணக்கு; ஒன்றரை ஷிப்ட் என்பது 12 மணி நேரம் என்று எல்லோருக்கும் தெரியும். ஷிப்மென்ட் வாரத்தில் அது அன்றாடம் ஆகிவிடுகிறது. இரவு எட்டரை மணிக்கு ஓவர்லாக்கில் துணியை ஓட்டும் பெண்ணின் கை காலை ஒன்பது மணிக்கு ஓட்டிய கை அல்ல. பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு எண்ணிக்கைக்குத்தான் காசு. சந்தேகம் வந்த தையலை நிறுத்தி இரண்டாம் முறை பார்க்கும் அரை நிமிடத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருபவர்கள் ஊருக்குப் போனால் பலர் வேறு கம்பெனிக்குத் திரும்புகிறார்கள், சிலர் திரும்புவதே இல்லை. ஒருவர் போகும்போது அவர் கற்றுக்கொண்ட பதமும் கூடவே போகிறது. நல்ல தங்குமிடம், சரியான சம்பளம், நேரத்துக்கு வேலை முடிவது ஆகியவை தொழிலாளர் நலன் என்ற தனித் தலைப்பில் பேசப்படுகின்றன. அவற்றைத் தரச் செலவு என்ற கணக்கில் எழுத வேண்டும்.

2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், ஆடைகளுக்கு வரி இல்லாத வழியை வகுத்திருக்கிறது. வங்கதேசத்துக்கு நெடுநாளாக இருந்த வரிச் சலுகையோடு சமமாக நிற்க அது உதவும். புது பையர்கள் வருவார்கள், முதல் ஆர்டரும் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் ஏற்றுமதியாளர் சங்கங்கள் செய்யக்கூடிய, செய்தே ஆகவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: ஜாப் ஒர்க்குக்கு ஒரு பொதுவான ஒப்பந்தப் படிவம். அதில் பையரின் தர விவரம் முழுவதும் தமிழில் இருக்க வேண்டும். நூல் லாட் எண், துணி ஓயும் மணி நேரம், வட்டக் கட்டரின் எடை ஆகியவற்றை எழுத இடம் இருக்க வேண்டும். பணம் தரும் தேதி அச்சிட்டே இருக்க வேண்டும். அது 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒரு பட்டறையோடு குறைந்தது ஒரு வருடத்துக்கு என்று பேசி முடிக்க வேண்டும். சீசனுக்குச் சீசன் கிலோவுக்கு ஒரு ரூபாய்க்காக ஆளை மாற்றும் பழக்கம் அங்கேயே நிற்க வேண்டும். கடைசி மேசைக்கு இன்னும் இரண்டு செக்கிங் ஆட்களைப் போடுவதற்கு ஆகும் செலவைவிட இதற்கு ஆகும் செலவு குறைவுதான்.